பதினேழு நிமிடக் கனிவுரை

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் யாரையும் விமர்சிப்பதில்லை. விமர்சனத்துக்கென்று தனியாக ஒரு மையம் இருந்ததுதான் காரணம்.

ஆக்கபூர்வ விமர்சன மையம் என்று பித்தளைப் பலகை மாட்டி, இரண்டாம் மாடியில், கழிவறைக்கும் பழைய வினாத்தாள் அடுக்கிய அறைக்கும் நடுவில் அது இருந்தது. ஆய்வேட்டை எழுதி முடித்த மாணவர், அதைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் கூடப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்துக் கருத்து வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். முதலில் யோசித்தவர் நல்ல மனிதராக இருந்திருப்பார்; அதனாலேயே அவர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. பிற்பாடு மையம் வந்தது. கருத்துக்குக் கனிவுரை என்று பெயர் வந்தது. எழுதுகிறவர் கனிவுரையாளர், வாங்கிக்கொள்கிறவர் கனிவு பெறுநர், எழுதும் தாள் படிவம் ஏழு. ஒன்று முதல் ஆறு வரையுள்ள படிவங்கள் எங்கே என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

மையத் தலைவருக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் அவருடைய ஆய்வேட்டைப் படித்த யாரோ ஒரு பாவி, ஓரத்தில் ‘இரண்டாம் அத்தியாயம் நீளம்’ என்று எழுதிவிட்டானாம். அன்று விழுந்த அடியிலிருந்து அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. இனி ஒரு மாணவருக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டார். வைராக்கியம் எடுத்தவர் கையில் அதிகாரமும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டாம் மாடியே சாட்சி.

நம் ஆள் ஓர் ஆய்வு மாணவன். அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் கமா. முதல் கருத்தரங்கில், “அதாவது, ஒரு வகையில பார்க்கப்போனா, இதை நாம, எப்படிச் சொல்றது,” என்று இருபது நிமிடம் பேசி, ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்காமல் உட்கார்ந்ததால் வந்த பெயர். கோபம் வராத பிள்ளை, யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. இப்படிப்பட்டவர்களை ஊர் நல்லவன் என்று சொல்லிவிடும். நல்லவனா, பயந்தாங்கொள்ளியா என்று பார்க்க ஒரு சந்தர்ப்பம் வர வேண்டும். கமாவுக்கு அது நர்ஸ் அக்கா உருவத்தில் வந்தது.

நர்ஸ் அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. வேறொரு ஊர் மருத்துவமனையில் பதினெட்டு வருடம் வார்டில் நின்றே தேய்ந்தவர். மூன்று வருடம் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அது இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பட்டத்தோடு திரும்பினால் நர்ஸிங் பள்ளியில் பாடம் நடத்தும் வேலை. பட்டம் இல்லாமல் திரும்பினால் மறுபடியும் அதே வார்டு, அதே இரவு முறை. “பாடம் நடத்தறவங்களுக்கு நாற்காலி போடுவாங்கப்பா. எம் முட்டிக்கு அது போதும்” என்பார். அவருடைய ஆராய்ச்சி, இந்த ஊர்ப் பெரிய மருத்துவமனையில் வெளிநோயாளர்கள் டாக்டரைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது. காத்திருந்தவர்களிடம் பதினெட்டு வருடமாக ஏச்சு வாங்கியவர் ஆயிற்றே, அதை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

சென்ற வருடம் கமா காய்ச்சலில் ஒரு வாரம் விடுதியில் கிடந்தபோது, தினமும் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து மருந்து கொடுத்தது இந்த அக்காதான். “மூஞ்சியைச் சுளிக்காம முழுங்கு” என்பதுதான் அவருக்குத் தெரிந்த கனிவுரை.

இப்போது மையம் இருவரையும் ஜோடி சேர்த்தது. அக்காவின் ஏட்டுக்குக் கமா எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன் பயிற்சி வகுப்பு உண்டு. மையத் தலைவர் தண்ணீர் ஒரு மிடறு குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

“விமர்சனம்னா என்ன? ஒருத்தர் தூங்கிட்டிருக்கார். அவரை எழுப்பிடாம, அவர் தூங்குறார்ங்கிற விஷயத்தை அவருக்குத் தெரியப்படுத்தணும். அதுதாங்க கலை. நம்ம மையம் ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு மாணவரும் எழுந்ததில்லை. இதை நான் பெருமையாச் சொல்லிக்கிறேன்.”

பிறகு பஞ்சணை முறையைக் கற்றுக்கொடுத்தார். கீழே ஒரு பாராட்டு, மேலே ஒரு பாராட்டு, நடுவில் யோசனை. “நடுவுல இருக்கிறது கைக்குத் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டா பஞ்சு பத்தலைன்னு அர்த்தம்.”

செய்முறைக்காக மூன்று கால் நாற்காலி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்கு ஒவ்வொருவரும் கனிவுரை சொல்ல வேண்டும். ஒரு கால் இல்லை என்று சொன்ன பெண்ணை வெளியே போய் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு வரச் சொன்னார்கள். “இந்த நாற்காலி நான்காவது காலுக்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறது” என்று சொன்ன பையனுக்குக் கைதட்டல் கிடைத்தது. தாமதமாக வந்த ஒருவர் விஷயம் தெரியாமல் அதில் உட்கார்ந்து, மேசை விளிம்பில் தாடை இடிபட விழுந்தார். விழுந்தது பயிற்சியின் வரம்புக்குள் வராது என்று தலைவர் குறித்துக்கொள்ளச் சொன்னார். அவரைத் தூக்கிவிடுவதற்கும் வரம்புக்குள் யாரும் இல்லை, கமாதான் தூக்கிவிட்டான்.

கடைசியில் இரண்டு விதிகளைப் படித்தார்கள். கனிவு பெறுநர் படிவத்தின் அடியில் மனநிறைவு மதிப்பெண் போடுவார், ஐந்துக்கு இத்தனை என்று. மூன்றுக்குக் கீழே போனால் கனிவுரையாளரின் சொந்த ஏடு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். இரண்டாவது, படிவத்துக்கு வெளியே வாயாலோ, குறிப்பாலோ, முகக்குறியாலோ விமர்சிப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம்.

கமா முதல் விதியை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டான். அவனுக்கு ஒரு கல்லூரியில் வேலை பேசி வைத்திருந்தார்கள். இந்தப் பருவத்திலேயே ஏட்டைக் கொடுத்துவிட்டால் சேர்ந்துகொள்ளலாம், இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஏட்டை நூலகத்தில் உட்கார்ந்து படித்தான். சுத்தமான வேலை. நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். ஒவ்வொருவரும் நுழைவாயிலில் டோக்கன் எடுத்த நேரம், டாக்டர் அறைக்குள் போன நேரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். டோக்கன் நேரம், சீட்டில் இயந்திரம் அச்சடித்தது. உள்ளே போன நேரம், அக்கா கதவருகே நின்று தன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தது. நாடி பிடித்துப் பழகிய கடிகாரம், ஒரு நொடி பிசகாது. சராசரி காத்திருப்பு இருபத்து நான்கு நிமிடம். ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவு, ‘காத்திருப்பு பற்றிய புலம்பல் பெரும்பாலும் மனநிலை சார்ந்ததே.’ இந்த வரியை அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர் மெச்சி அடிக்கோடு போட்டிருந்தார். அவர் எந்த வரிசையிலும் நின்றதில்லை.

அப்புறம் அடிக்குறிப்பு முப்பத்தொன்று. ‘ஒன்பது நோயாளிகள் வருவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டதால், விதிவிலக்குகளாகக் கருதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.’

கமா சத்தமாகவே சிரித்துவிட்டான். நூலகர் நிமிர்ந்து பார்த்தார். வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, குணமாகி, அதன் பிறகு நிதானமாக வந்து டோக்கன் எடுத்த ஒன்பது பேர். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். அந்த மருத்துவமனைக்கு அவன் போயிருக்கிறான்.

அப்பாவைக் காது காட்ட அழைத்துப் போன நாளில், டோக்கனில் இருந்த நேரத்தையும் தன் போனையும் பார்த்துக் குழம்பி, வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டிருந்தான். அவர் அன்று சொன்ன பதிலும் நினைவு வந்தது. மறுநாள் காலையில் பேருந்து பிடித்துப் போய், ஒரு நோயும் இல்லாமல் ஒரு டோக்கன் எடுத்தான். டோக்கனில் ஒன்பது நாற்பது. போனில் ஒன்பது இருபத்து மூன்று.

“இது இன்னும் ஃபாஸ்ட்டாத்தான் ஓடுதாண்ணே?”

“வாங்கி வெச்ச நாள்லேர்ந்து அப்படித்தான் தம்பி. பதினேழு நிமிஷம். மாத்தற பட்டன் உள்ள இருக்கு, சாவி கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. இங்க எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் கண்டுக்கறதில்ல.”

“இங்க ஒரு அம்மா நாலு மாசமா வந்து நின்னு குறிச்சுக்கிட்டுப் போனாங்களே, அவங்களுக்குத் தெரியுமா?”

“அவங்க கேக்கலையே” என்றார் காவலாளி.

அவ்வளவுதான் விஷயம். அச்சடித்ததே ஆதாரம், கண்ணால் பார்த்தது அதற்கு அடுத்தபடிதான் என்று முறையியல் வகுப்பில் மூன்று மாதம் பாடம் நடந்திருந்தது. அக்கா அதைச் சிரத்தையாக நம்பிவிட்டார். நல்ல மாணவிக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. பதினேழைக் கூட்டினால் இருபத்து நான்கு நாற்பத்தொன்று ஆகும். ஒன்பது பேரும் ஒழுங்காக வந்த பிறகு டாக்டரைப் பார்ப்பார்கள். புலம்பியவர்கள் காரணத்தோடுதான் புலம்பினார்கள் என்று முடிவு மாறும். கணினியில் ஒரு பகல் வேலை, ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்த இன்னொரு நாள். யாராவது சொன்னால் போதும்.

கமா அன்றே படிவம் ஏழை எடுத்து எழுதினான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தயங்காமல் எழுதினான். ‘டோக்கன் இயந்திரம் பதினேழு நிமிடம் வேகமாக ஓடுகிறது. எனவே எல்லாக் காத்திருப்பு நேரங்களும் தவறு. ஒவ்வொன்றிலும் பதினேழைக் கூட்டினால் சரியாகிவிடும்.’ கீழும் மேலும் பாராட்டு வைத்தான். படிவம் நேராக அக்காவுக்குப் போகாது. முதலில் மையத்தின் சொல் மென்மையாளரிடம் போக வேண்டும்.

அந்த அம்மாள் இரும்பு அளவுகோலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்துப் படிப்பவர். பக்கத்தில் எண்பத்து நான்கு சொற்கள் கொண்ட பட்டியல் இருந்தது. தவறு, பிழை, குறை, இல்லை, ஏன், ஆனால், உண்மையில் எல்லாம் அதில் அடக்கம்.

“தம்பி, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ‘தவறு’ன்னு வருது, அது ஒண்ணுதான்” என்றார்.

“தப்புதானேங்க அது?”

“அதுவும் பட்டியல்ல இருக்கு.”

திருத்தி எழுதினான். ‘இயந்திரத்தின் நேரத்துக்கும் ஆய்வாளரின் கடிகாரத்துக்கும் பதினேழு நிமிட இடைவெளி காணப்படுகிறது.’ இரண்டு நாள் கழித்து அதுவும் திரும்பி வந்தது.

“பதினேழுன்னு எண் போட்டா விசாரணை பண்ற தொனி வருது தம்பி.”

“சில நிமிடங்கள்னு போடட்டுமா?”

“சிலன்னா குறைச்சல்னு தோணும். குறைச்சல் பட்டியல்ல இருக்கு. இடைவெளின்னாலும் என்னமோ விரிசல் விட்ட மாதிரி இருக்கு.”

“மேடம், இதை அவங்க புரிஞ்சுக்கிட்டாங்கன்னா ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவாங்க. புரியற மாதிரி எழுத வேண்டாமா?”

சொல் மென்மையாளர் அளவுகோலைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கமாவைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். “எனக்கும் புரியுது தம்பி. அதனாலதான் அனுமதிக்க முடியல. புரியற மாதிரி இருக்கு பாருங்க.”

விவகாரம் தலைவரிடம் போயிற்று. அவர் இரண்டு வரைவுகளையும் நுனிவிரலால் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சற்று யோசித்து, தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

‘ஆய்வாளரின் உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் ஒளிர்கிறது. காலத்தை இவர் கையாண்டிருக்கும் விதம் வழக்கமான அளவுகோல்களுக்குள் அடங்காதது. மேலும் பல சிந்தனைகளுக்கு இடமளிப்பது. அட்டவணைகள் கண்ணுக்கு இதமாக அமைந்துள்ளன.’

“பாருங்க, உங்க கருத்து முழுசா உள்ளே இருக்கு. தேடுறவங்களுக்குக் கண்டிப்பாக் கிடைக்கும்” என்றார்.

“ஐயா, அவங்க தேடலைன்னா?”

“தேடாதவங்களை நாம தொந்தரவு பண்ணக் கூடாது.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம். இங்கே மறைத்த பிறகு சோற்றையும் எடுத்து வைத்துவிட்டார்கள். பழைய வரைவுகள் இரண்டையும் ‘காயம் தரக்கூடிய காகிதம்’ என்று எழுதிய சிவப்புப் பையில் போட்டு, அவன் கண் முன்னாலேயே துண்டாக்கும் இயந்திரத்தில் கொடுத்தார்கள். கமா புதிய படிவத்தில் கையெழுத்துப் போட்டான். அப்போது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்துப் பிரயோசனமில்லை. இனி அக்கா வருத்தப்பட மாட்டார், மதிப்பெண் குறையாது, வேலை போகாது, சொல்ல வேண்டியதையும் ஒரு மாதிரி சொல்லியாயிற்று. பிற்பாடு அவன் எல்லாவற்றையும்விட அதிகமாக வெட்கப்பட்டது அந்த நிம்மதிக்காகத்தான்.

மறுநாள் உணவகத்தில் அக்கா அவன் எதிரில் தட்டோடு வந்து உட்கார்ந்தார். படிவம் இன்னும் அவர் கைக்குப் போகவில்லை.

“என்னப்பா, படிச்சிட்டியா?”

“படிச்சிட்டேன்கா.”

“எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லு. எனக்கே அந்த அஞ்சாவது அத்தியாயம் கொஞ்சம் இடிக்குது. பதினெட்டு வருஷமா நான் பார்த்த கூட்டம் இருபத்து நாலு நிமிஷக் கூட்டம் மாதிரி இல்ல. கணக்கு அப்படித்தான் வருது, என்ன செய்யறது. உனக்கு எதாவது பட்டுச்சா?”

கமா நிமிர்ந்து பார்த்தான். பக்கத்து மேசையில் மையத்தின் எழுத்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது ஒரு காரணம் என்று பிற்பாடு கமா தனக்குச் சொல்லிக்கொண்டான். எழுத்தர் மும்முரமாகப் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அவன் கண்ணில் பட்டிருந்தது. சொல்ல நினைத்தால் ஒரு வாய்ச் சோற்றை மென்று விழுங்கும் நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம்.

“நல்லா வந்திருக்குக்கா. அதாவது, எல்லாம், படிவத்துல எழுதியிருக்கேன்” என்றான்.

“நீ படிச்சுட்டுச் சரின்னுட்டா எனக்குப் போதும்பா” என்று அக்கா தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார். அவன் அதைச் சாப்பிட்டான்.

படிவம் கைக்கு வந்த அன்று அக்கா நடைபாதையில் நின்றுகொண்டே வீட்டுக்காரருக்குப் போனில் படித்துக் காட்டினாராம். ‘வழக்கமான அளவுகோல்களுக்குள் அடங்காதது’ என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாராம். மனநிறைவு மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து போட்டு, இடம் இருந்ததால் பக்கத்தில் நன்றி என்றும் எழுதியிருந்தார். கமாவின் ஏடு அந்த வாரமே சமர்ப்பிப்புக்கு ஏற்கப்பட்டது. வேலை தரும் கல்லூரியிலிருந்து வாழ்த்தும் வந்தது. அந்த வாரம் முழுக்க அவன் உணவகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனான், அக்கா சாப்பிட்டுப் போன பிறகு.

அக்காவின் வாய்மொழித் தேர்வு நடந்த அறையில் முப்பது பேர் இருந்தார்கள். கமா மூன்றாவது வரிசை. வெளித்தேர்வாளர் குள்ளமான, சாந்தமான மனிதர். பொதுவாகத் தேர்வாளர்கள் ஏட்டில் பத்துப் பதினைந்து சீட்டுகள் செருகி வருவார்கள். இவர் ஒன்றே ஒன்று செருகியிருந்தார். அது எந்தப் பக்கம் என்று கமாவுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

“அடிக்குறிப்பு முப்பத்தொண்ணும்மா. ஒன்பது பேர் வர்றதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்துட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்கய்யா. விதிவிலக்குன்னு ஒதுக்கிட்டேன்.”

“எனக்கு அவங்களைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு. எப்படிப் போனாங்க உள்ள?”

அறை சிரித்தது. அக்காவும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். “வந்த நேரம் டோக்கன்ல அச்சடிச்சிருக்குங்கய்யா. அச்சடிச்சதுதான் ஆதாரம்னு வகுப்புல சொன்னாங்க.” வழிகாட்டிப் பேராசிரியர் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

“உள்ள போன நேரம்?”

“என் வாட்ச்சுங்க.”

“ரெண்டையும் ஒரு தடவையாவது பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்களாம்மா?”

அக்காவின் கண் மணிக்கட்டுக் கடிகாரத்துக்குப் போயிற்று. முகம் மாறுவதைக் கமா பார்த்தான். நோயாளியின் கையைப் பிடித்ததுமே சங்கதி தெரிந்துவிடும் நர்ஸுக்கு, இதுவும் உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசியாக ஒன்று பாக்கி இருப்பதாக அவர் நம்பினார். பையிலிருந்து படிவம் ஏழை எடுத்தார்.

“ஐயா, என் கூடப் படிக்கிறவர் முழுசாப் படிச்சுட்டு எழுதிக் கொடுத்தது இது. காலத்தைக் கையாண்ட விதத்தைத் தனியாவே பாராட்டியிருக்கார்.” நடுவிலிருந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தார். குரல் நடுங்கவில்லை.

வெளித்தேர்வாளர் கேட்டுவிட்டு, “யார் அவர், இங்க இருக்காரா?” என்றார்.

கமா செருப்பு நாடாவைக் கட்டுவதற்காகக் குனிந்தான். செருப்புக்கு நாடா கிடையாது என்பது குனிந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. தேர்வு முடிந்ததாக அறிவிக்கும்வரை அப்படியே குனிந்திருந்தான். அக்கா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஏடு நிராகரிக்கப்பட்டது. தரவு சேகரிப்பிலிருந்து மறுபடியும் தொடங்கலாம் என்று குறிப்பு எழுதினார்கள். விடுப்பு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மையம் சும்மா இருக்கவில்லை. அவசரக் கூட்டம் கூட்டியது. கனிவுரையாளர் என்ற முறையில் கமாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தலைவர் எழுந்து பேசினார்.

“நடந்தது வருத்தம்தான். நம்ம தரப்புல என்ன நடந்ததுன்னு பார்க்கணும். படிவத்தை மூணு பேர் பரிசீலிச்சோம். பட்டியல்ல உள்ள ஒரு சொல்கூட அதுல கிடையாது. பெறுநர் அஞ்சுக்கு அஞ்சு கொடுத்திருக்காங்க. தேர்வுல தோத்த அன்னைக்கும் அவங்க அந்தப் படிவத்தைத்தான் நம்பி எடுத்து வாசிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு மனநிறைவு இருந்தா ஒருத்தர் அந்த நேரத்துல அதை எடுப்பாங்க. காயப்பட்டது ஆய்வுதான், ஆய்வாளர் இல்லை. நம்ம மையம் ஆய்வாளரைத்தான் பார்த்துக்குது. ஆய்வைப் பார்த்துக்க வேற யாராவது இருப்பாங்க.”

எல்லாரும் கைதட்டினார்கள். கமாவும் தட்டினான். தட்டுகிற தன் கைகளைப் பார்த்தான். மடியில் வைத்துக்கொள்ள நினைத்தான். பக்கத்தில் இருந்தவர் தட்டிக்கொண்டிருந்ததால் இவனும் தட்டினான்.

இரண்டு நாள் கழித்து அக்கா அவனைத் தேடி விடுதிக்கு வந்தார். வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கமா படியிறங்கும்போதே திட்டு வாங்கத் தயாராகத்தான் இறங்கினான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அக்காவின் முகத்தில் கோபமில்லை. என்னவோ ஓர் அவசரம் இருந்தது.

“உட்காருப்பா. ஒண்ணு கேக்கணும். பதிவாளர் ஆபீஸ்ல ஒரு விதி இருக்காம். கனிவுரையில சுட்டிக் காட்டின விஷயத்தைப் பெறுநர் கவனிக்காம விட்டிருந்தா, திருத்திக் கொடுக்க மூணு மாசம் தருவாங்களாம். என் ஆஸ்பத்திரிக்கும் கடிதம் போட்டு விடுப்பை நீட்டிச்சுடுவாங்களாம். இந்த டோக்கன் விஷயம் உனக்குப் பட்டுச்சா அப்ப?”

கமா நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். “பட்டுச்சுக்கா” என்றான்.

“எழுதினியா?”

“எழுதினேன்கா. அதாவது, அதுல, ஒரு மாதிரி, எழுதியிருக்கேன்.”

அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. “நினைச்சேன். நீ பார்க்காம விட்டிருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும். நான்தான் சரியாப் படிக்கல. நான் கவனிக்கலன்னு எழுதியே கொடுத்துடறேன், பழி எம்மேலயே இருக்கட்டும். எந்த வரின்னு மட்டும் காட்டு. அடிக்கோடு போட்டுக் கொண்டாரச் சொன்னாங்க.”

பையிலிருந்து படிவத்தை எடுத்து இருவருக்கும் நடுவில் முக்காலியில் விரித்தார். மடிப்பில் கசங்கியிருந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டார். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

கமா இரண்டாவது வாக்கியத்தில் விரலை வைத்தான்.

அக்கா குனிந்து படித்தார். “காலத்தை இவர் கையாண்டிருக்கும் விதம்.” நிறுத்தினார். “இதுவா?”

“ஆமாக்கா.”

“சரி.” மறுபடியும் முதலிலிருந்து படித்தார், இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பேனா முனை காகிதத்துக்கு மேல் நகர்ந்து வந்து, எங்கே இறங்குவது என்று தெரியாமல் வரி முடியும்வரை போய்த் திரும்பியது. “இதுல எங்கப்பா?”

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தார். தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்து, மூன்றாம் தடவையாக அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனார்.

கமா விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.